கோடரிக்குப் பிடி போட்டது யார் கை?

நமது மீலாது மேடைகளிலும் நலத்திட்ட விழாக்களிலும் தவறாது எடுத்தாளப்படும் நபிமொழிகளுள் கோடரி வரலாறு ஒன்று. யாசகம் கேட்டு வந்த அன்சாரித் தோழர் ஒருவருக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கோடரி கொடுத்தார்கள். அவர் விறகு வெட்டி விற்றுப் பிழைத்துக்கொண்டார். ஆகவே மக்களே, உழைத்து உண்ணுங்கள், கையேந்தாதீர்கள்! மேடையில் சொல்லப்படுவது இவ்வளவே. சொல்லி முடித்ததும் தக்பீர் முழங்கும். பின்னர்ப் பயனாளிகளின் பெயர் வாசிக்கப்படும். தையல் இயந்திரங்களும் தள்ளுவண்டிகளும் இஸ்திரிப் பெட்டிகளும் புகைப்படக் கருவியின் முன் சற்று நேரம் நிறுத்தி வைக்கப்பட்டுக் கைமாறும்.

சேலம் மாநகரின் வடபகுதியில், ஏற்காட்டுச் சாலை மலையை நோக்கிப் புறப்படும் இடத்தில் அமைந்தது அஸ்தம்பட்டி. மாநகராட்சி மண்டலங்களுள் ஒன்று இதன் பெயரைத் தாங்கியிருக்கிறது. மத்தியச் சிறையும் இங்கேதான் உள்ளது. இங்கு வாழும் முஸ்லிம் குடும்பங்களில் உருது பேசுவோரும் உண்டு, தமிழ் பேசுவோரும் உண்டு. பட்டறை, இறைச்சிக்கடை, பழைய இரும்பு, ஆட்டோ, துணிக்கடைச் சிப்பந்தி வேலை எனச் சிறு பிழைப்பே பலருக்கும். இவர்களுக்கென்று நடக்கும் உதவி விழாக்களை நாம் ஆண்டுதோறும் கண்டு வருகிறோம். கொடுப்போரின் உள்ளத்தூய்மையில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அவர்கள் முன்னிலையில் சொல்லப்படும் அந்த வரலாறு அரைகுறையாகச் சொல்லப்படுகிறது. அரைகுறையாகச் சொல்லப்பட்டதனால் உதவியும் அரைகுறையாக நின்றுவிடுகிறது. இதுவே நமது வழக்கு.

ஒரு காவியத்தைத் திறனாய்வோன் எந்தக் கண்கொண்டு படிப்பானோ அந்தக் கண்கொண்டு இவ்வரலாற்றை நாம் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். அபூதாவூத் முதலிய தொகுப்புகளில் அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக வரும் அறிவிப்பின் சாரத்தை நம் சொற்களில் தருகிறோம். (அறிவிப்பாளர் வரிசை குறித்து ஹதீஸ் கலை வல்லுநரிடையே ஆய்வுரைகள் உண்டு. அது ஆலிம் பெருமக்களின் துறை. மேடையில் சொல்லத் தகுந்ததாயின் முழுமையாகச் சொல்லப்படவும் தகுந்ததே என்ற அளவில் நாம் நின்றுகொள்கிறோம்.)

யாசித்து வந்தவரிடம் அண்ணலார் முதலில் கேட்டது, வீட்டில் ஒன்றுமே இல்லையா என்பது. ஒரு விரிப்பு இருக்கிறது, அதில் ஒரு பகுதியை உடுத்து மறு பகுதியை விரித்துக்கொள்கிறோம். நீர் பருக ஒரு பாத்திரமும் இருக்கிறது என்றார் அவர். இரண்டையும் கொண்டுவரச் செய்து, தம் கையில் வாங்கி, இவற்றை வாங்குவோர் யார் என்று அண்ணலாரே ஏலம் கூறினார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் என்றார். அதற்கு மேல் தருவோர் உண்டா என்று இரண்டு மூன்று முறை கேட்ட பிறகு, மற்றொருவர் இரண்டு திர்ஹம் தந்து எடுத்துக்கொண்டார். ஒரு திர்ஹத்துக்கு உணவு வாங்கி வீட்டாரிடம் சேர்க்குமாறும், மற்றதற்குக் கோடரி வாங்கித் தம்மிடம் கொண்டுவருமாறும் பணித்தார்கள். வந்த கோடரிக்குத் தம் திருக்கரத்தாலேயே பிடி போட்டுக் கொடுத்தார்கள். விறகு வெட்டி விற்கும்படியும், பதினைந்து நாள் தம் கண்ணில் படலாகாது என்றும் சொல்லி அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்தபோது பத்துத் திர்ஹம் சம்பாதித்திருந்தார். அதில் சிலவற்றுக்குத் துணியும் சிலவற்றுக்கு உணவும் வாங்கியிருந்தார். அதன் பின்னரே, யாசகத்தினும் இது மேலானது என்ற அறிவுரை வருகிறது. கொடிய வறுமை, தாங்கவொண்ணாக் கடன், உயிரீட்டுத் தொகை ஆகிய மூன்று நிலைகளில் மட்டுமே கேட்பது தகும் என்ற விதியும் அதன் பின்னரே வருகிறது.

மேடைப் பேச்சுக்கும் மூலத்துக்கும் உள்ள முதல் வேறுபாட்டைப் பாருங்கள். கோடரி 'கொடுக்கப்படவில்லை'. அந்தத் தோழரின் சொந்தப் பொருளை விற்ற காசில், அவர் கையாலேயே வாங்கப்பட்டது. அண்ணலார் அளித்தவை வேறு: விசாரணை, நியாய விலை, யோசனை, கைவேலை, தவணை. இவை ஐந்தும் கொடுப்பவனின் நேரத்தைக் கேட்பவை. பணத்தைக் கேட்பவை அல்ல. இரண்டாம் வேறுபாடு, அறிவுரையின் இடம். மூலத்தில் அது பத்துத் திர்ஹம் கைக்கு வந்த பிறகு வருகிறது. நமது மேடையில் அறிவுரையே முதலில் வருகிறது. பல நேரங்களில் அது மட்டுமே வருகிறது. ஏழையைத் திருத்தும் கதையாக நாம் இதை வாசித்துப் பழகிவிட்டோம். உண்மையில் இது கொடுப்போனைப் பயிற்றுவிக்கும் கதை.

"வீட்டில் என்ன இருக்கிறது?" என்ற அந்த முதற் கேள்வியை நமது ஜமாஅத்துகள் கேட்பதுண்டா? பள்ளிவாசல் பதிவேட்டில் நிக்காஹ் உண்டு, மையித்து அடக்கம் உண்டு, சந்தா பாக்கி உண்டு. யார் என்ன தொழில் அறிந்தவர் என்ற கட்டம் இல்லை. மஹல்லாவில் தையல் தெரிந்த பெண்கள் எத்தனை பேர், வெல்டிங் கற்ற இளைஞர் எத்தனை பேர், பட்டம் பெற்று வீட்டிலிருப்போர் எத்தனை பேர் என்று முத்தவல்லியைக் கேட்டால் அவர் நினைவிலிருந்துதான் சொல்ல வேண்டும். 2007-இல் தமிழக அரசு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு வழங்கிச் சட்டமியற்றியது. அதற்காக ஊர்தோறும் நன்றியறிவிப்புக் கூட்டம் நடத்தினோம். அந்த இடங்களுக்குப் போட்டியிட நம் தெருவில் தகுதியுள்ளோர் யார், அரசுப் பணித் தேர்வு அறிவிப்பு வந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்ல வேண்டும் என்ற பட்டியலையும் உடன் எழுதியிருக்க வேண்டாமா? வேலைவாய்ப்பு உதவி என்பதன் முதற்படி அந்தப் பட்டியல்தான்.

இனித் தையல் இயந்திரத்துக்கு வருவோம். இதை விட்டால் நம் சமுதாயப் பெண்டிருக்கு வேறு தொழிலே இல்லையோ என்று எண்ணும் அளவுக்கு இது ஒரு சடங்காகிவிட்டது. இயந்திரத்தைப் பெற்று வீடு திரும்பும் ஒரு சகோதரியின் நிலையைச் சற்று நினைத்துப் பாருங்கள். அவருக்குத் தைக்கத் தெரியும், வெட்டத் தெரியாது. வெட்டத் தெரியாதவர் பிறர் வெட்டிக் கொடுத்ததை ஓட்டலாமேயன்றித் தாமாக ஒரு ரவிக்கைக்கு அளவெடுத்துப் பணம் வாங்க இயலாது. அக்கம்பக்கத்தில் ஏற்கெனவே நான்கு வீட்டில் இயந்திரம் இருக்கிறது. அறுபது கல் தொலைவு கூட இல்லாத ஈரோட்டு அப்துல் கனி ஜவுளிச் சந்தையிலிருந்து ஆயத்த உடை மூட்டை மூட்டையாக வந்து சேலத்து நடைபாதையில் குவிகிறது. துணி வாங்கித் தைத்துப் போடுவதினும் அதை வாங்கிப் போடுவது மலிவு. நூலுக்கும் ஊசிக்கும் கைமுதல் வேண்டும். முதல் மாதம் கிழிசல் தைக்கும் வேலை வரும். ஆறாம் மாதம் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு முன்னே விற்பதற்கென்று வீட்டில் இருக்கும் ஒரே பொருள் அந்த இயந்திரமாக இருக்கும். விற்றுவிட்டார் என்று கேள்விப்படும்போது, "நம் ஜனங்களுக்கு என்ன செய்தும் பயனில்லை" என்று சலித்துக்கொள்கிறோம்.

அரசுத் துறை சிறுபான்மையினருக்குத் தரும் விலையில்லாத் தையல் இயந்திரத்துக்குக் கூடப் பயிற்சிச் சான்று கேட்கிறார்கள். நமது சங்கங்கள் குடும்ப அட்டை நகல் கேட்கின்றன.

விறகை எண்ணிப் பாருங்கள். மதீனாவில் அடுப்பெரியாத வீடு இருந்திருக்குமா? மரம் காட்டில் கிடந்தது. சரக்குக்கு முதல் வேண்டியதில்லை. வெட்டிய அன்றே விற்றுவிடலாம். கடன் சொல்லுவோர் குறைவு. அந்த மனிதரிடம் உடல் வலு இருந்தது. அவருடைய கையிலிருந்த முதல், உடல் நிலை, ஊரின் தேவை மூன்றையும் பொருத்திப் பார்த்துத் தேர்ந்த தொழில் அது. பொருள் எது என்று தீர்மானிக்கும் முன் சந்தை எது என்று அங்கே பார்க்கப்பட்டிருக்கிறது. நாம் தையல் இயந்திரத்தை முதலில் வாங்கிவிட்டுப் பெண்ணைப் பிறகு தேடுகிறோம்.

இதே தையல் இயந்திரம் சோறு போடும் இடமும் தமிழகத்தில் உண்டு. சத்துணவுத் திட்டத்தில் சேர்ந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு வழங்கும் சீருடைகளைத் தைப்பவை சமூக நலத்துறையின் கீழ் இயங்கும் மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள். அங்கே துணி வந்துவிடுகிறது, அளவு வந்துவிடுகிறது, கூலி உருப்படிக்கு இவ்வளவு என்று விதிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கூலி போதுமா, காலத்தில் கிடைக்கிறதா என்ற குறைகள் வேறு. வேலை இருக்கிறது என்ற உறுதியே பெரிது. பத்து இயந்திரம் வழங்கும் நமது சங்கம், அந்தப் பத்துப் பெண்களில் எத்தனை பேரை அத்தகைய கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக்க முயன்றது? ஆங்கிலப் பள்ளிகளும் மருத்துவமனைகளும் நிறைந்த அஸ்தம்பட்டியில், சீருடைக்கும் படுக்கை விரிப்புக்கும் ஆர்டர் கேட்டு எந்தத் தாளாளரை நம் சமுதாயப் பிரமுகர்கள் சென்று கண்டார்கள்? அவர்களுக்கு அந்த வாசல் திறக்கும். அந்தப் பெண்களுக்குத் திறக்காது.

ஏலத்தைப் பற்றியும் ஒரு சொல். ஒரு திர்ஹம் என்று கேட்டவரிடமே கொடுத்திருந்தால் உணவுக்கு உண்டு, கோடரிக்கு இல்லை. அல்லது கோடரிக்கு உண்டு, உணவுக்கு இல்லை. இரண்டாவது திர்ஹம் வந்தது, நம்பிக்கைக்குரிய ஒருவர் நடுவில் நின்று மீண்டும் மீண்டும் விலை கூறியதனால். ஏழை தனியே நின்று விற்றால் முதற் கேள்விக்கே தலையசைத்துவிடுவான். சேலத்து மக்களுக்கு இது புதிய பாடமன்று. இரண்டாம் உலகப் போரின்போது மலாயாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றபோது, மரவள்ளிக் கிழங்கிலிருந்து அதை ஆக்கத் தொடங்கிய மாவட்டம் இது. ஆலைகள் பெருகியும் சிறு உற்பத்தியாளர் இடைத்தரகர் சொன்ன விலைக்கே விற்க வேண்டியிருந்தது. 1981-இல் 'சேகோசர்வ்' என்ற தொழிற்கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. உறுப்பினர் தம் மூட்டைகளைச் சங்கத்தின் கிடங்கில் வைக்கலாம். வியாபாரிகள் போட்டியிட்டு விலை குறிப்பர். விற்கும் வரை சரக்கின் பேரில் முன்பணமும் பெறலாம். குறைகளே இல்லாத ஏற்பாடு என்று சொல்லவரவில்லை. மூட்டையோடு நிற்பவனுக்காக இன்னொருவர் குரல் கொடுக்கும் ஏற்பாடு நமது ஊரிலேயே நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது, அதை எட்டிப் பார்க்கவும் நம் சங்கங்களுக்குத் தோன்றவில்லை என்கிறோம்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழக்கூடும். ஏழையின் விரிப்பைப் பலர் நடுவே ஏலம் கூறுவது அவனை இழிவுபடுத்துவதாகாதா? அங்ஙனமாயின் நமது மேடையைக் குறை கூறுவது எப்படிப் பொருந்தும்? நல்ல கேள்விதான். நமக்குத் தோன்றும் விடை: அங்கே சபையின் நடுவே வைக்கப்பட்டது பொருள், இங்கே வைக்கப்படுவது ஆள். விரிப்பை வாங்கியவர் தர்மம் செய்யவில்லை, வாங்கினார். அந்த அன்சாரி அச்சபையிலிருந்து வெளியேறியது ஒரு விற்பனையாளராக. தையல் இயந்திரத்தின் ஒரு கைப்பிடியைத் தாமும் மறு கைப்பிடியைக் கொடையாளரும் பற்றியபடி நிற்கும் நம் சகோதரி, நாளை தெருவில் எந்தப் பெயரால் சுட்டப்படுவார் என்பதை நாம் அறிவோம்.

உணவுக்கென்று பிரிக்கப்பட்ட அந்த ஒரு திர்ஹம் மேடைகளில் சொல்லப்படுவதேயில்லை. நமக்கோ வரலாற்றின் உயிர்நிலையே அதுதான் என்று படுகிறது. தொழில் தொடங்கும் குடும்பம் முதல் சில வாரங்கள் எதைத் தின்னும்? அதற்கு வழி செய்யாமல் கருவியை மட்டும் கொடுத்தால் கருவியையே தின்னும். அல்லது தண்டல்காரரிடம் போகும். சேலத்துச் சந்தைகளில் தண்டல் கணக்கைத் தெரியாத தள்ளுவண்டிக்காரர் இல்லை. 10,000 ரூபாய்க் கடன் என்று பெயர். பிடித்தம் போகக் கையில் வருவது 9,000. நாளொன்றுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 'ஆயிரம் ரூபாய்தானே' என்று தோன்றும். அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே போவதைக் கணக்கிட்டால் அது ஆண்டுக்கு 80 விழுக்காட்டு வட்டியாகும். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழக அரசு 2003-இல் சட்டமே கொண்டுவந்தது; ஆயினும் விடியுமுன் சரக்கெடுக்கப் பணம் வேண்டியவனுக்கு விடியுமுன் பணம் தருபவர் தண்டல்காரர் ஒருவர்தாம். வட்டி ஹராம் என்று ஜும்ஆவில் கேட்டுவிட்டு வெளியே வரும் அந்த வண்டிக்காரரின் சட்டைப்பையில் தண்டல் அட்டை இருக்கிறது. அவரைக் கடிந்துரைப்பது எளிது. அவருக்கு வட்டியில்லாமல் 9,000 ரூபாய் தரும் பெட்டி ஒன்று பள்ளிவாசலில் உண்டா என்பதே கேள்வி.

அடுத்து, பிடி போட்டது. நம் தமிழில் 'கோடரிக்காம்பு' என்றால் வசைச்சொல். சொந்த இனத்தையே வெட்டக் கருவியாகும் கட்டை. இவ்வரலாற்றில் அதற்குக் கிட்டிய பேறே வேறு! பிடியில்லாத கோடரி இரும்புத் துண்டு. பிடி போடுவது பெரிய தியாகமும் அன்று. கால் நாழிகை வேலை. ஆனால் அதைச் செய்யத் தெரிந்தவர் அமர்ந்து செய்ய வேண்டும்.

இன்றைய நாளில் பிடி என்பது என்ன? நாம் ஒன்றைச் சுட்டுகிறோம். தேசிய சிறுபான்மையினர் வளர்ச்சி நிதிக் கழகம் 1994-இலும், அதன் நிதியை இங்கே வழங்கும் 'டாம்கோ' எனும் தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம் 1999-இலும் அமைந்தன. தனிநபர் தொழிற்கடன், சுயஉதவிக் குழுக் கடன், கைவினைஞர் கடன் என்று பல பிரிவுகள். கூட்டுறவு வங்கிகள் வாயிலாக விண்ணப்பிக்க வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, திட்ட அறிக்கை, அவற்றோடு வங்கி கோரும் பிணை ஆவணங்கள். சான்றுகளை அலைந்து வாங்கிவிடலாம். திட்ட அறிக்கை எழுதப் பட்டறைத் தொழிலாளிக்குத் தெரியாது. பிணை நிற்க அவருக்கு ஆள் கிடைப்பதில்லை. பெரும்பாலான விண்ணப்பங்கள் தேங்கும் இடம் இதுவே. நம் ஊர் விழா மேடைகளில் பத்துப் பேர் பொன்னாடை போர்த்திக்கொள்கிறார்கள். அப்பத்துப் பேரும் ஆளுக்கு ஒருவருக்குப் பிணைக் கையொப்பம் இட்டால் பத்துக் கோடரிக்குப் பிடி போட்டதாகும். பணமாகக் கொடுப்பதற்குத் தயங்காதவர்கள் கையொப்பத்துக்குத் தயங்குவது ஏன் என்பது நமக்கு விளங்காத புதிர். இல்லை, விளங்குகிறது. கொடுத்துவிட்டால் உறவு அன்றோடு முடிந்தது. கையொப்பமிட்டால் அவன் தொழில் நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

டாம்கோ கடனுக்கும் வட்டி உண்டே என்று மார்க்கப் பற்றுள்ளோர் தயங்குகிறார்கள். தனிநபர் கடனுக்கு 6 முதல் 8 விழுக்காடு வரை விதிக்கப்படுகிறது. இதில் தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை, ஹஜ்ரத்மார்களைக் கேட்டுக்கொள்ளட்டும். ஆனால், வேண்டாம் என்று சொல்லும் நாக்குக்கு ஒரு கடமை உண்டு. வேறு வழியைக் காட்ட வேண்டும். வழிகள் இல்லாமல் இல்லை. சூரத் நகரில் பட்னி கூட்டுறவுக் கடன் சங்கம் 1938 முதலும், தேவ்பந்தில் முஸ்லிம் ஃபண்ட் 1961 முதலும் சாமானியரின் சிறுசேமிப்பைத் திரட்டி வட்டியின்றிக் கடன் வழங்கி வந்திருக்கின்றன. லாகூரில் 2001-இல் முஹம்மது அம்ஜத் சாகிப் தொடங்கிய 'அகுவத்' அமைப்பு அழகிய கடன் என்னும் கர்ளே ஹஸனாவைப் பள்ளிவாசலில் வைத்தே வழங்குகிறது. அப்பணிக்காக அவருக்கு 2021-இல் மகசாசே விருது கிடைத்தது. பள்ளிவாசலுக்கு வாடகையில்லை, கடன் வாங்கியவர் அந்த இடத்தில் நின்று வாக்குத் தவறக் கூசுவார். இரண்டும் சேர்ந்து செலவையும் வாராக்கடனையும் குறைக்கின்றன.

நமக்கு மிக அருகிலும் ஒரு முன்மாதிரி உண்டு. அது நம் சமுதாயத்தது அன்று என்பதால் கற்கக் கூச வேண்டியதில்லை. தென்மாவட்ட நாடார் வணிகர்கள் தங்கள் வியாபாரத்திலிருந்து 'மகமை' என்று சிறுதொகை எடுத்துப் பொதுவில் சேர்த்தார்கள். அப்பழக்கத்தில் வளர்ந்த சமுதாயம் 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியைத் தொடங்கியது. இன்று அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. தங்கள் வீட்டு விரிப்பையும் பாத்திரத்தையும் தாங்களே விற்று வாங்கிய கோடரி அது.

ஜகாத்தைப் பற்றிச் சொல்லாமல் இப்பொருள் முற்றுப் பெறாது. ஜகாத்தைக் கடனாகக் கொடுத்துத் திரும்ப வாங்கலாகாது; உரியவருக்கு உடைமையாக்கிவிட வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. ஆகவே கடன் பெட்டி வேறு, ஜகாத் பெட்டி வேறு. ஆனால் உடைமையாக்குவது எவ்வளவு? ரமலான் இருபத்தேழில் நூறு பேர் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு புடவையும் சிறு நோட்டும் வாங்கிப் போவது நம் வழக்கம். ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் (மறைவு 1277) தம் 'அல்மஜ்மூஉ' நூலில் எழுதியிருப்பதைக் காண வேண்டும். தொழிலாளிக்கு அவன் தொழிற்கருவி வாங்கும் அளவு, வணிகனுக்கு அவன் வணிகத்துக்குப் போதிய முதல். காய்கறி விற்போனுக்கு ஐந்தோ பத்தோ திர்ஹம், நவமணி வணிகனுக்குப் பத்தாயிரம் திர்ஹம் என்று ஆளுக்கும் தொழிலுக்கும் ஏற்பக் கணக்கிடுகிறார்கள்! ஹனஃபிகளோ ஒருவருக்கே நிஸாபை எட்டும் தொகை கொடுப்பதை விரும்பத்தகாதது என்பர். எனினும் கடனாளிக்கும் குடும்பஸ்தனுக்கும் அதில் விலக்களித்துள்ளனர். சேலத்தில் பெரும்பாலோர் ஹனஃபிகள். அந்த விலக்குக்குள்ளேயே நம் ஏழைகளில் பெரும்பகுதியினர் அடங்குவர் என்பதை மறந்து, நூறு பேருக்கும் போதாததைப் பங்கிட்டு, அடுத்த ரமலானிலும் அதே நூறு பேரை வரிசையில் காண்கிறோம்.

எல்லோரையும் கோடரி தூக்கச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நோயாளி, முதியவர், கைக்குழந்தையோடு தனித்து நிற்கும் பெண் ஆகியோருக்கு மாதந்தோறும் அரிசியும் மருந்தும் போய்ச் சேர வேண்டும். அங்கே தொழில் உபதேசம் கொடுமை. அரசின் இணை மானியத்தோடு மாவட்டந்தோறும் இயங்கும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கங்கள் இத்தகையோருக்கென்றே ஏற்பட்டவை. நாம் திரட்டிக் கொடுக்கும் நன்கொடைக்கு ஏற்பவே அரசின் பங்கும் வரும். நாம் கொடுக்காத ஒவ்வொரு ரூபாயும் அரசிடமிருந்து வராத ரூபாயும் ஆகிறது.

நீதியரசர் சச்சார் குழு 2006 நவம்பரில் அளித்த அறிக்கை, உழைக்கும் முஸ்லிம்களில் ஏறத்தாழ 61 விழுக்காட்டினர் சுயதொழில் செய்வோர் என்றது. இந்துக்களில் அது 55 விழுக்காடு. அதே அறிக்கை, முஸ்லிம்கள் செறிந்து வாழும் சில பகுதிகளை வங்கிகள் கடன் கொடுக்கத் தகாத வட்டாரங்களாக ஒதுக்கிவைக்கும் வழக்கத்தையும் சுட்டிக்காட்டியது. சொந்தத் தொழிலையே நம்பியிருக்கும் சமுதாயம், தொழிலுக்குக் கடன் கிட்டாத சமுதாயமாகவும் இருக்கிறது. வங்கிகளைக் கண்டித்து நாம் போதிய அளவு எழுதிவிட்டோம்; கண்டனம் நியாயமானதே. ஆனால் நம் கையிலிருக்கும் பணத்தை நாம் எப்படி நடத்தினோம்? 2019 ஜூனில் பெங்களூரில் ஐ.எம்.ஏ. நிறுவனம் சரிந்தபோது, ஹலால் இலாபம் என்ற சொல்லை நம்பித் திருமணத்துக்கும் ஹஜ்ஜுக்கும் வைத்திருந்த சேமிப்பை ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்கள் இழந்தன. மாதந்தோறும் இத்துணை இலாபம் எந்தத் தொழிலில் வருகிறது என்று கேட்டவர் சிலரே. 'ஹலால்' என்ற சொல் தணிக்கைக்குப் பதிலாக நின்றுவிட்டது. தெருமுனைத் தள்ளுவண்டிக்காரரிடம் 9,000 ரூபாயை நம்பிக் கொடுக்க நூறு கேள்வி கேட்பவர்கள், மாளிகையில் அமர்ந்திருந்தவரிடம் இலட்சங்களைக் கேள்வியின்றிக் கொடுத்தார்கள்.

பதினைந்து நாள் என்ற தவணையின் பொருள் இங்கேதான் விளங்குகிறது. என் கண்ணில் படாதே என்பது விரட்டல் அன்று. இடையில் வந்து மறுபடி கேளாதே, உன் கையை நம்பு, ஆனால் பதினைந்தாம் நாளுக்குப் பின் வந்து கணக்குச் சொல் என்பது. பத்துத் திர்ஹம் வந்தது, அதில் எதற்கு எவ்வளவு செலவாயிற்று என்பது வரை அறிவிப்பில் பதிவாகியிருக்கிறது. கொடுத்த பின் பார்த்தது யார் என்ற கேள்விக்கு அங்கே விடை இருக்கிறது. நமது விழா அறிக்கைகள் எத்தனை இயந்திரம் வழங்கினோம் என்பதோடு முடிந்துவிடுகின்றன.

சென்ற ஆண்டு உதவி பெற்றோர் பட்டியல் அஸ்தம்பட்டியின் எந்தச் சங்க அலுவலகத்திலும் பத்திரமாக இருக்கும். கணக்குக் காட்ட வேண்டுமல்லவா! அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் சங்கத்தார் இருவர், உடன் வீட்டுப் பெண்களில் ஒருவர், தெருவில் இறங்கட்டும். மஃரிபு பாங்குக்குள் பாதி வீடுகளைப் பார்த்துவிடலாம். எந்த இயந்திரம் ஓடுகிறது, எது மூலையில் துணி மூடிக் கிடக்கிறது, எது அடகுக் கடையில் இருக்கிறது, ஓடுவதற்குக் காரணம் என்ன, நின்றதற்குக் காரணம் நூலா, ஆர்டரா, கணவரின் நோயா என்று எழுதிக்கொள்ளட்டும். இவ்வாண்டு விழாவுக்கு அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் அந்தக் குறிப்புகள் நிர்வாகக் குழுவில் படிக்கப்பட வேண்டும்.